மகளின்ர பையில ஹார்ட்ஸ்டாப்பர்: ஒரு அம்மாவுக்குக் கொஞ்சம் நீளமான பதில்

கேள்விய முதல் சுருக்கிச் சொல்லிடுறன், ஏனெண்டா இதே கேள்விய வேற வேற மாதிரி நிறையப் பேர் கேக்கினம். கேட்டவா வெள்ளவத்தையில இருக்கிற ஒரு அம்மா. மூத்த மகளுக்கு 15 வயசு, வாற வருசம் ஓ/எல். ஸ்கூல் பைய ஒதுக்கேக்க உள்ள ஹார்ட்ஸ்டாப்பர் எண்ட படக்கதைப் புத்தகம் இருந்திருக்கு, திறந்து பாத்தா ரெண்டு பெடியள் கையப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். இது என்ன மாதிரிப் புத்தகம், 15 வயசுக்குச் சரியா, இத வாசிச்சா பிள்ளை அப்பிடி ஆகிடுமா, எங்கட ஊர் எங்கட ஆக்கள் வாற மாதிரி ஏதும் இருக்கா எண்டு கேட்டிருக்கிறா. கடைசில ஒரு துணைக் கேள்வியும், வீட்டில 11 வயசுச் சின்னவள் ஒருத்தி இருக்கிறாளாம், அக்காவின்ர புத்தகம் எல்லாத்தையும் எடுத்து வாசிக்கிறவளாம், அவளுக்கு என்ன செய்யிறது எண்டு.

நான் கொழும்பில பொம்பிளைப் பிள்ளையளுக்கு இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிப்பிச்ச ஆள், இப்பவும் இந்த வயசுப் பிள்ளையள் என்ன வாசிக்கினம் எண்டு பாக்கிறது தான் என்ர பொழுதுபோக்கு. அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எல்லாத்துக்கும் முதல், புத்தகத்த எடுத்த இடத்திலயே வைச்சிடுங்கோ. ஃபோட்டோ எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில போட வேண்டாம். லண்டன் மாமா ஒண்டு சொல்லுவார், ரொறன்ரோ சித்தி இன்னொண்டு சொல்லுவா, ரெண்டு நாளில கதை கொட்டாஞ்சேனை வரைக்கும் போயிடும், பிள்ளை பிறகு உங்களிட்ட ஒண்டும் சொல்லாது. அந்தப் பிள்ளையிட்ட "நீ அப்பிடியா?" எண்டும் கேக்க வேண்டாம். இந்தப் புத்தகங்கள வாசிக்கிற பொம்பிளைப் பிள்ளையள் எல்லாரும் லெஸ்பியன் இல்ல, கனபேர் சும்மா ஒரு நல்ல காதல் கதைக்காக வாசிக்கிறவை, சிலர் கூட்டாளி ஒருத்திய விளங்கிக்கொள்ள வாசிக்கிறவை, சிலருக்கு அது தங்கட கதையாவும் இருக்கும். பையுக்குள்ள கிடக்கிற புத்தகத்த வைச்சு இதில எது எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது.

வாசிச்சா அப்பிடி ஆகிடுமா எண்டதுக்குப் பதில் இல்ல எண்டது தான். இதில நீட்ட ஒண்டும் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 இல தன்பாலீர்ப்ப நோய்ப் பட்டியலில இருந்தே எடுத்திட்டுது. ஆணும் பொண்ணும் காதலிக்கிற படங்களயும் நாவல்களயும் மட்டும் பாத்து வளந்த கே ஆக்கள், அதாவது தன்பாலீர்ப்பு உள்ள ஆக்கள், எத்தனை பேர், கதை மாத்திறதெண்டா அவையள எல்லோ முதல் மாத்தியிருக்க வேணும்.

இப்ப விசயத்துக்கு வாறன். இந்த வகைப் புத்தகங்களில ஒரு தாய் பாக்க வேண்டியது "ரெண்டு பெடியள் முத்தமிடுறாங்களா" எண்டத இல்ல எண்டு நான் சொல்லுவன். கதை கடைசில அந்தப் பிள்ளைய என்ன செய்யுது எண்டதத் தான் பாக்க வேணும், அதோட அந்தக் கதை நடக்கிற நாட்டில சாத்தியமான ஒரு விசயம் எங்கட நாட்டிலயும் சாத்தியமா எண்டதையும் பாக்க வேணும். இது ரெண்டும் விளங்கினா எந்தப் புத்தகத்தப் பாத்தும் பயப்படத் தேவையில்ல.

கடைசில என்ன செய்யுது எண்டு ஏன் சொல்லுறன் எண்டா, இந்த வகை நாவலின்ர பழைய சரித்திரம் அப்பிடி. அமெரிக்காவில பதின்ம வயசுக்காரருக்கெண்டு எழுதின நாவலில ஆணுக்கு ஆணில வாற ஈர்ப்பு முதன்முதல் வந்தது 1969 இல, ஜோன் டொனவன் எழுதினது. டேவி எண்ட 13 வயசுப் பெடியன், அவனுக்கு ஃபிரெட் எண்டு ஒரு குட்டைக்கால் நாய். டேவியும் வகுப்புக் கூட்டாளியும் ஒருநாள் முத்தமிட்டிடுறாங்கள், பிறகு அந்த நாய் காரில அடிபட்டுச் செத்துப்போகுது, பெடியன் தான் செய்த காரியத்துக்குக் கிடைச்ச தண்டனை தான் இது எண்டு நம்புறான். நாய தான் கொல்லுறாங்கள் பாருங்கோ. அதுக்குப் பிறகு வந்த சில நாவல்களில மனுசரே செத்தினம், 70களில வந்ததுகளில கார் விபத்து எத்தனை தரம் வருதெண்டு பாத்தா எழுத்தாளர் எல்லாரும் ஒரே ட்ரைவர வைச்சிருந்திச்சினமோ எண்டு தோணும். வாசிக்கிற பிள்ளைக்கு அது சொல்லுற செய்தி ஒண்டு தான், இப்பிடி இருந்தா உனக்கோ உனக்குப் பிடிச்ச ஆளுக்கோ ஏதாவது நடக்கும்.

அத உடைச்சது 1982 இல நான்சி கார்டன் எழுதின ஆனி ஒன் மை மைண்ட். நியூயோர்க்கில ரெண்டு 17 வயசுப் பெட்டையள், லைசாவும் ஆனியும், மியூசியத்தில சந்திச்சுப் பழகினம். கதையில கஷ்டம் இல்லாம இல்ல, ஸ்கூல் விசாரணை நடக்குது, அவையளுக்கு உதவின ரெண்டு ரீச்சர்மாருக்கு வேலை போகுது. ஆனா கடைசில ஒருத்தரும் சாகேல்ல, ரெண்டு பேரும் திரும்பச் சேருகினம். இது ஒரு பெரிய விசயமா எண்டு இப்பத்தப் பிள்ளையள் கேப்பினம், பெரிய விசயம் தான். 1993 இல கன்சாஸ் சிற்றிப் பக்கம் இந்தப் புத்தகத்த எரிச்சவை, அங்கத்த ஒரு பாடசாலைச் சபை லைப்ரரியில இருந்து தூக்கிச்சு, மாணவர்கள் கோட்டுக்குப் போச்சினம், 1995 இல நீதிபதி திரும்ப வைக்கச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தார். ஒரு புத்தகம் சந்தோசமா முடிஞ்சதுக்கு இவ்வளவு சண்டை.

உங்கட மகளின்ர பையில இருக்கிறது இந்தச் சண்டையெல்லாம் முடிஞ்ச பிறகு வந்த புத்தகம். ஹார்ட்ஸ்டாப்பர அலிஸ் ஒஸ்மன் எண்ட இங்கிலாந்து எழுத்தாளர் 2016 இல இணையத்தில பக்கம் பக்கமா வரைஞ்சு போடத் தொடங்கினது, பிறகு புத்தகமாச்சு, 2022 இல நெற்பிளிக்ஸ்ல தொடராவும் வந்திச்சு, எங்கட பிள்ளையளுக்கு அதுக்குப் பிறகு தான் கனக்கத் தெரிய வந்தது. சார்லி எண்ட பெடியன் கே, வகுப்பில எல்லாருக்கும் தெரியும். நிக் ரக்பி விளையாடுற, எல்லாருக்கும் பிடிச்ச பெடியன். வகுப்பில பக்கத்தில பக்கத்தில இருக்கப்போய் கூட்டாளி ஆகினம், பிறகு காதல். பக்கத்தில ரெண்டு பெட்டையள், தாராவும் டார்சியும், அவையும் ஒரு சோடி. சண்டை, கொலை, பழிவாங்கல் ஒண்டும் இல்ல, எங்கட ரீவி சீரியலோட பாத்தா சத்தியமா இது பால் சோறு.

ஒரு இடத்தச் சொல்லுறன், நீங்கள் கட்டாயம் பாக்க வேணும். நிக் ராவில தன்ர அறையில தனிய லப்டொப்புக்கு முன்னால இருந்து, தான் கேயா எண்டு கூகிளில தேடுறான். ஒரு பெரிய ரக்பிப் பெடியன், முகத்தில ஸ்கிறீன் வெளிச்சம், வந்த பதில்கள வாசிச்சு வாசிச்சு அப்பிடியே அழத் தொடங்கிறான். அந்தப் பக்கங்களில வசனம் சரியான குறைவு. எத்தனை வீட்டில எத்தனை பிள்ளையள் கதவச் சாத்திப்போட்டு இப்பிடித் தேடியிருக்கும் எண்டு நினைச்சா, அந்தத் தேடலில என்ன குப்பையெல்லாம் வந்திருக்கும் எண்டு நினைச்சா, பையில ஒரு ஒழுங்கான புத்தகம் கிடக்கிறது எவ்வளவோ மேல் எண்டு உங்களுக்கே படும்.

வயசுக்குச் சரியா எண்டா, முதல் ரெண்டு பாகத்தில முத்தம், கை பிடிக்கிறது, கொஞ்சம் கெட்ட வார்த்தை, அவ்வளவு தான். மூண்டாம் நாலாம் பாகம் வேற மாதிரி. சார்லி சாப்பாட்ட ஒதுக்கிற நோயில விழுகிறான், தன்னைத் தானே காயப்படுத்திற பழக்கமும் இருக்கு, நாலாம் பாகத்தில ஆஸ்பத்திரியில தங்கிச் சிகிச்சை எடுக்கிறான். ஐஞ்சாம் பாகத்தில உடலுறவு பற்றிக் கதைக்கினம், கொச்சையா இல்ல, ஆனா கதைக்கினம். 15 வயசுப் பிள்ளைக்கு இது எல்லாமே தாங்கும், ஆனா மூண்டாம் பாகத்துக்கு வரேக்க நீங்களும் கூட வாசிக்கிறது நல்லம், அது காதலுக்காக இல்ல, அந்தச் சாப்பாட்டு விசயத்துக்காக. எங்கட வீடுகளில ஓ/எல் வருசத்தில பிள்ளை மெலிஞ்சா படிப்பில கவனம் எண்டு சந்தோசப்படுற ஆக்கள் இருக்கினம். பிள்ளை தன்னைக் காயப்படுத்திற மாதிரி ஏதும் தெரிஞ்சா 1926 க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம் அது.

சரி, இனி நான் முக்கியம் எண்டு நினைக்கிற இடம். ஹார்ட்ஸ்டாப்பர் மாதிரி, லவ் சைமன் எண்டு 2018 இல படமா வந்த பெக்கி அல்பர்டல்லியின்ர நாவல் மாதிரி, இப்பத்த இங்கிலீஷ் புத்தகங்கள் கனக்க ஒரே அச்சில தான் வருது. பிள்ளைக்கு ஒரு ரகசியம் இருக்கு, அத வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் சொல்லுறது தான் கதையின்ர உச்சம், சொன்ன பிறகு கொஞ்சம் கண்ணீர், கொஞ்சம் கட்டிப்பிடிப்பு, எல்லாம் சரி. நிக் தாயிட்டச் சொல்லுற இடம் அப்பிடித்தான், அந்தத் தாய் மாதிரி ஒரு தாய் எல்லாருக்கும் கிடைக்க வேணும். ஆனா அது இங்கிலாந்து. அங்கயும் 1988 இல இருந்து 2003 வரைக்கும் பிரிவு 28 எண்டு ஒரு சட்டம் இருந்தது, உள்ளூராட்சிச் சபையள் தன்பாலீர்ப்ப ஊக்குவிக்கக்கூடாது எண்டு, அந்தக் காலம் ரீச்சர்மார் வாயே திறக்கேல்ல. அத நீக்கி ஒரு தலைமுறை வளந்த பிறகு தான் நிக்கும் சார்லியும் ஸ்கூல் வளவுக்குள்ள கையப் பிடிச்சுக்கொண்டு நடக்கினம்.

எங்கட நாட்டில என்ன? 1883 இல வெள்ளைக்காரன் போட்ட தண்டனைச் சட்டக் கோவை, அதில தன்பாலுறவக் குற்றமாக்கிற 365, 365 ஏ எண்ட பிரிவுகள் இண்டைக்கும் இருக்கு. போட்டவன் தன்ர ஊரில எடுத்திட்டான், நாங்கள் பத்திரமா வைச்சிருக்கிறம். 1995 இல சட்டத்தத் திருத்தப் போய் 365 ஏ இல "ஆண்" எண்டு இருந்த இடத்தில "ஆள்" எண்டு மாத்திச்சினம், அதால அதுவரைக்கும் சட்டத்துக்குள்ள வராத பொம்பிளையளும் உள்ள வந்திட்டினம். இதக் குற்றம் இல்லாம ஆக்க அப்ப எம்.பியா இருந்த பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்த 2023 இல உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்டு சொல்லிச்சு, ஆனா அது நிறைவேறாமலே அந்தப் பாராளுமன்றம் கலைஞ்சு போச்சு. புத்தகம் வாசிக்கிறதுக்கும் வைச்சிருக்கிறதுக்கும் இந்தப் பிரிவுகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அந்தப் பயம் வேண்டாம். ஆனா "எல்லாருக்கும் சொல்லு, சொன்னாத் தான் நீ உண்மையா வாழுறாய்" எண்ட மாதிரி ஒரு கதைய இங்க இருக்கிற 15 வயசுப் பிள்ளை கட்டளையா எடுத்திடக்கூடாது. சொல்லுறதும் சொல்லாததும் அந்தப் பிள்ளையின்ர முடிவு, ஆருக்கு எப்ப எண்டதும் தான். சொல்லாம இருக்கிறதால அது பொய்யான பிள்ளை ஆகாது. இத இங்கிலீஷ் புத்தகங்கள் கனக்கச் சொல்லுறதில்ல.

அதால தான் எங்கட ஊர்ப் புத்தகம் இருக்கா எண்ட கேள்வி எனக்குப் பிடிச்சது. இருக்கு, அதுவும் கொழும்புப் புத்தகமே. ஷியாம் செல்வதுரை 2005 இல எழுதின ஸ்விமிங் இன் த மொன்சூன் சீ. அவர் 1965 இல கொழும்பில பிறந்தவர், தகப்பன் தமிழ், தாய் சிங்களம், 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோட கனடா போனவர். இந்த நாவல் இளம் வாசகருக்கெண்டே எழுதினது, கனடாவில கவர்னர் ஜெனரல் விருதின்ர இறுதிப் பட்டியலுக்கும் போச்சு, தன்பாலீர்ப்பு ஆக்களப் பற்றின எழுத்துக்குக் குடுக்கிற லம்டா விருதும் கிடைச்சுது. கதை நடக்கிறது 1980 இல. அம்ரித் எண்ட 14 வயசுப் பெடியன், தாய் தகப்பன் இல்ல, தாயின்ர சிநேகிதி வீட்டில வளருறான், அன்ரி பண்டில், அங்கிள் லக்கி எண்டு கூப்பிடுவான். கனடாவில இருந்து நிரேஷ் எண்ட மச்சான் முறைப் பெடியன் வாறான், இருக்கெண்டே இவனுக்குத் தெரியாத சொந்தம். அம்ரித்துக்கு அவனில விருப்பம் வருது. அது என்ன எண்டு தனக்கே தெரியாம இருந்து, அந்த வீட்டுப் பிள்ளை மாலாவும் நிரேஷும் நெருங்கிப் பழகத் தொடங்கின உடன பொறாமையாத் தான் அவனுக்கு அது வெளிக்குது. ஸ்கூலில அவங்கள் போடுற நாடகம் ஒதெல்லோ, பொறாமை பற்றி எழுதின நாடகம் எண்டு சொல்லத் தேவையில்ல.

நான் இத ஏன் முதல் குடுக்கச் சொல்லுறன் எண்டா, அந்தப் பொறாமைய ஒரு பிள்ளையின்ர கண்ணால எழுதியிருக்கிற விதம். நல்ல பெடியன், சாப்பாட்டு மேசையில மரியாதையா இருக்கிறவன், ஆனா உள்ளுக்குள்ள கொதிக்கிறான், என்னத்துக்குக் கொதிக்கிறன் எண்டு தெரியாமலே மாலாவில எரிஞ்சு விழுகிறான், கடைசில கடலுக்குள்ள வைச்சு அது எந்த அளவுக்குப் போகுது எண்டத வாசிச்சுத் தான் பாக்க வேணும். சோளகக் காலத்தில வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி றெயில் பாதைக்கு அங்கால கடல் எப்பிடி நிக்கும் எண்டு உங்கட மகளுக்குத் தெரியும், டப்ளின்ல இருக்கிற பிள்ளைக்குத் தெரியாது. முடிவில அவன் மேடை ஏறி அறிவிக்கேல்ல, வீட்டாரக் கூப்பிட்டு இருத்திச் சொல்லேல்ல. தனக்குத் தானே ஒப்புக்கொள்ளுறான், அதோட நிக்குது. வெளிநாட்டு வாசகர் சிலருக்கு அது காணாது எண்டு படும், எனக்கு அது தான் அந்த நாவலின்ர பெரிய நேர்மை. 1980 இல ஒரு கொழும்புப் பெடியனுக்கு அதுக்கு மேல என்ன வழி, இண்டைக்கும் தான் எத்தனை பேருக்கு.

ஒரு குறையும் சொல்ல வேணும். கறுவாத்தோட்டப் பக்கத்து வசதியான, வீட்டில இங்கிலீஷ் கதைக்கிற ஆக்களின்ர உலகம் அது. ரியூசன் முடிஞ்சு 100 ஆம் நம்பர் பஸ்ஸில தொங்கிக்கொண்டு வாற பிள்ளைக்கு, வேலைக்காரரும் காரும் இருக்கிற அந்த வீடு கொஞ்சம் தூரமாத் தான் தெரியும்.

அவரின்ர ஃபனி போய் (1994) தான் பெயர் போனது, எல்லாரும் அதத் தான் முதல் சொல்லுவினம். நான் இப்போதைக்குக் குடுக்க வேண்டாம் எண்டுவன், 16, 17 வரட்டும். அது பிள்ளையளப் பற்றினது தான், ஆனா பெரியாக்களுக்கு எழுதினது. அர்ஜி எண்ட தமிழ்ப் பெடியன் சின்ன வயசில மச்சாள்மாரோட சேந்து மணப்பெண் விளையாட்டு விளையாடுறான், சீலை கட்டி மணப்பெண்ணா வாறது அவன் தான், அதக் கண்ட பெரியாக்களுக்கு வாற சங்கடத்தில தொடங்கி 83 ஜூலை வரைக்கும் போகுது. ஒரு கராஜுக்குள்ள ரெண்டு பெடியளுக்கு நடக்கிறதும் ஒளிவு மறைவில்லாம இருக்கு, அதவிட 83 பகுதி தான் கனமானது, பாட்டன் பாட்டி காரோட எரியினம். உங்கட வீட்டில 83 ஐக் கண்ட ஆக்கள் இருந்தா, பிள்ளை அத வாசிக்கேக்க அவையும் கதைக்கத் தொடங்குவினம், அது ஒரு வகையில நல்லது தான். 2020 இல தீபா மேத்தா எடுத்த படமும் இருக்கு, ஆனா அதில கதைக்கிற தமிழக் கேட்டா உங்களுக்குக் கோவம் வரும், உலகம் முழுக்க எங்கட ஆக்கள் அதுக்குச் சண்டை பிடிச்சவை. புத்தகத்தில நிண்டுகொள்ளுங்கோ.

இது ரெண்டும் பெடியள் கதை. பொம்பிளைப் பிள்ளையளின்ர கதை எண்டா எங்களுக்குக் கிட்ட வாறது அதிபா ஜெய்கிர்தார் 2020 இல எழுதின த ஹென்னா வோர்ஸ். டப்ளின்ல வாழுற வங்காளதேசத்து முஸ்லிம் குடும்பம், நிஷாத் எண்ட பெட்டை, கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலை. இதில எனக்குப் பிடிச்சது காதல் இல்ல, காதல் பகுதி சுமார் தான், அந்தப் பெட்டை ஃபிளேவியா ஆள் எப்பிடிப்பட்டவள் எண்டே கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடேல்ல. பிடிச்சது வீடு. நிஷாத் சொன்ன உடன தாய் தகப்பன் அடிக்கேல்ல, துரத்தேல்ல, கதைக்காம விட்டிட்டினம். சாப்பாடு வைக்கினம், ஸ்கூலுக்கு விடுகினம், அந்த விசயம் மட்டும் நடக்காத மாதிரி. வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில இப்பிடியான மௌனம் எத்தனை கதவுக்குப் பின்னால இருக்கெண்டு எனக்குத் தெரியும். தங்கச்சி பிரீத்தி தான் அவளுக்குத் துணை, அக்கா தங்கச்சிச் சண்டையும் பாசமும் அச்சொட்டா இருக்கு.

இந்தியப் புத்தகம் ஒண்டு, டோக்கிங் ஒஃப் முஸ்கான், ஹிமாஞ்சலி சங்கர் 2014 இல எழுதினது. நல்ல எழுத்து, ஆனா கவனம். முஸ்கான் எண்ட பிள்ளை தற்கொலைக்கு முயற்சி செய்ததில கதை தொடங்குது, அவளப் பற்றி மூண்டு வகுப்புப் பிள்ளையள் மாறி மாறிச் சொல்லுகினம், அவள் தன்ர வாயால ஒண்டும் சொல்லுறதே இல்ல. இது அந்தப் பிள்ளைக்கு நடந்ததவிட சுத்தி நிண்டவை என்ன செய்திச்சினம் எண்ட கதை. ஸ்கூலில ரீச்சர்மார் வாசிச்சா நல்லம் எண்டு நினைக்கிறன். மனம் சோந்திருக்கிற பிள்ளைக்குத் தனியக் குடுக்க மாட்டன்.

எஸ். ஜே. சிந்துவின்ர மரேஜ் ஒஃப் எ தவுசண்ட் லைஸ் (2017) எங்கட இலங்கைத் தமிழ்க் குடும்பமே தான், அமெரிக்காவில, லெஸ்பியன் பெண்ணும் கே ஆணும் வீட்டாருக்காகக் கல்யாணம் கட்டி வாழுகினம். அது பெரியாக்களுக்கானது. பிள்ளைக்கில்ல, நீங்கள் வாசியுங்கோ. பிள்ளையக் கட்டாயப்படுத்திக் கட்டி வைச்சா என்ன ஆகும் எண்டதுக்கு அதவிட வேற விளக்கம் தேவையில்ல.

இன்னொண்டு, நீங்கள் புத்தகத்தக் கண்டனீங்கள், ஃபோனக் காணேல்ல. இந்த வயசுப் பிள்ளையள் வாசிக்கிறதில பாதி ஃபோனில தான், வட்பட், வெப்டூன் மாதிரி கதையும் படக்கதையும் போடுற தளங்கள், ரசிகர்கள் எழுதுற கதையள், தாய்லாந்துத் தொடர்கள். பிஎல் எண்டு ஒரு வகை இருக்கு, ஜப்பானில 70களில பெண் ஓவியர்கள் பெண் வாசகருக்கெண்டு தொடங்கினது, ரெண்டு ஆண்களின்ர காதல். அதில அருமையானதும் இருக்கு, குப்பையும் இருக்கு, ஒருத்தன் மற்றவன வற்புறுத்திறத காதல் எண்டு காட்டுறதும் கனக்க இருக்கு. இளையோர் நாவல் எண்டா ஒரு பதிப்பாசிரியர் பாத்து, வயசு பாத்து வெளியில வாறது. ஃபோனில வாறதில கனக்கத்த ஆரும் அப்பிடிப் பாக்கிறேல்ல. அதால கவலைப்படுறதெண்டா பையிலிருக்கிற அச்சுப் புத்தகத்துக்குக் கவலைப்பட வேண்டாம்.

தமிழில இல்லையா எண்டு கட்டாயம் கேப்பீங்கள். தமிழில சின்னப் பிள்ளையளுக்குக் கதை இருக்கு, பெரியாக்களுக்கு நாவல் இருக்கு, நடுவில 13 இல இருந்து 18 வரைக்கும் எண்டு எழுதுற வழக்கமே மெலிசு, அதுக்குள்ள கே, லெஸ்பியன் பிள்ளையள எங்க தேடுறது. இந்தக் கேள்விக்கு ஆக்கள் உடன சு. சமுத்திரத்தின்ர வாடாமல்லியச் சொல்லுவினம், அது முக்கியமான நாவல் தான், ஆனா அது திருநங்கையப் பற்றினது, அது வேற இது வேற, ரெண்டையும் ஒரே சாக்குக்குள்ள போடுறது எங்கட ஆக்களின்ர பழக்கம். சென்னையில குயர் சென்னை குரோனிக்கிள்ஸ் எண்ட அமைப்பு தமிழில வெளியிடுறதுகள் இருக்கு, கிரீஷின்ர விடுபட்டவை அவையள் போட்டது, பதின்ம வயசுக்கெண்டு எழுதினது இல்ல. தமிழ் மீடியத்தில படிக்கிற பிள்ளைக்கு இப்ப கையில குடுக்க ஒண்டும் இல்லாதது தான் இதில எனக்கு இருக்கிற பெரிய ஆத்திரம். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்ச கொழும்புப் பிள்ளைக்கு மட்டும் ஆறுதல் கிடைக்குது. வவுனியாவில, மட்டக்களப்பில இருக்கிற பிள்ளை இன்னும் அந்த நிக் மாதிரி கூகிளத் தான் கேட்டுக்கொண்டிருக்கு.

உங்களுக்கெண்டு ஒரு புத்தகம் சொல்லட்டோ, அரிஸ்டோட்டில் அண்ட் டான்டே, பெஞ்சமின் அலீரே சயன்ஸ் 2012 இல எழுதினது. 1987 இல டெக்சஸ்ல ரெண்டு மெக்சிக்கோ வம்சாவளிப் பெடியள். சம்பவம் குறைவு, மெதுவாத் தான் போகும், பிள்ளையள் சிலர் நடுவில வைச்சிடுவினம். ஆனா இந்த வகை நாவல்களில தாய் தகப்பன் பெரும்பாலும் வாசலில நிண்டு சாப்பிட வரச்சொல்லுறதோட சரி, இதில மட்டும் தாய் தகப்பன் முழு மனுசரா வருகினம், தகப்பன் வியட்நாம் போருக்குப் போட்டு வந்து ஒண்டும் கதைக்காத ஆள். கடைசில மகன் தனக்கே சொல்லத் துணியாதத அவையள் தான் இருந்து அவனுக்குச் சொல்லுகினம், நீ அந்தப் பெடியன விரும்புறாய் எண்டு. எங்கட அப்பாமாருக்கு வாசிக்கக் குடுக்க வேணும்.

எங்க எடுக்கிறது எண்டா, ஷியாம் செல்வதுரையின்ர ரெண்டு புத்தகத்தையும் கொழும்பில பெரிய இங்கிலீஷ் புத்தகக்கடையளில இலங்கை எழுத்தாளர் தட்டில பாருங்கோ, சிறுவர் தட்டில தேடினா கிடைக்காது. 2022 க்குப் பிறகு இறக்குமதிப் புத்தக விலை தலை சுத்த வைக்கிது, அதால செப்ரெம்பர்ல பிஎம்ஐசிஎச் மண்டபத்தில நடக்கிற புத்தகக் கண்காட்சி வரைக்கும் பொறுக்கலாம், மருதானைப் பழைய புத்தகக் கடையளிலயும் அதிர்ஷ்டம் இருந்தா அம்பிடும். வாங்கினா மகளின்ர கையில விழாவா எடுத்துக் குடுக்க வேண்டாம், ஹோலில மற்றப் புத்தகங்களோட வையுங்கோ, நீங்கள் வாசிக்கிறத அவள் காணட்டும். அவள் வந்து கதைச்சா கதையுங்கோ, கதைக்காட்டி விடுங்கோ. புத்தகத்த ரியூசன் சேரிட்டயோ ஐயரிட்டயோ ஃபாதரிட்டயோ கொண்டுபோய் அபிப்பிராயம் கேக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

சின்னவளுக்கு, ஹார்ட்ஸ்டாப்பர் முதல் ரெண்டு பாகம் பிரச்சினை இல்ல, 11 வயசுக்கு அது கூட்டாளிமார் கதையாத் தான் தெரியும், "ரெண்டு பெடியளும் கல்யாணம் கட்டலாமோ" எண்டு கேட்டா சில நாடுகளில கட்டலாம், இங்க இல்ல எண்டு சொல்லுங்கோ, அது உண்மை, அதோட அவள் வேற கேள்விக்குப் போயிடுவாள். மூண்டாம் பாகத்தில இருந்து மிச்சத்த மூத்தவளின்ர மேல் தட்டில வைக்கச் சொல்லுங்கோ, ரெண்டு வருசம் போகட்டும்.